எலிக்கு ஏது தலைவிதி?
சர்க்கரை வியாதியும் சந்தைச் சூரணமும்

நம் நாட்டில் எந்த வியாதி வந்தாலும் அதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் தலையெழுத்து என்பதாகவே இருந்து வருகிறது. பெரியம்மை வந்தால் ஆத்தாள் வந்தாள் என்றார்கள். காலரா வந்தால் ஊர்த் தேவதைக்குக் கோபம் என்றார்கள். குஷ்டம் வந்தால் பூர்வஜென்ம பாவம் என்றார்கள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்த பிறகு, அந்த ஆத்தாள் எந்த ஊருக்குக் குடிபோனாள் என்று இன்றுவரை எந்தப் பூசாரியும் நமக்குச் சொல்லவில்லை. இப்போது இந்தக் கூட்டத்தாருக்குக் கிடைத்திருப்பது சர்க்கரை வியாதி. இது ஆளை உடனே கொல்லாமல், வருஷக்கணக்காகக் கூடவே இருந்து, கண்ணையும் காலையும் மூத்திரக்காயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுகிற வியாதியானபடியால், விதி என்று சொல்லவும் வசதி, வியாபாரம் செய்யவும் வசதி.

இது பணக்காரன் வியாதி, நெய்யும் லட்டும் தின்கிறவனுக்கு வருவது என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. அது இனிச் செல்லாது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி நம் தேசத்தில் சர்க்கரை வியாதிக்காரர் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். நாட்டுப்புறத்திலும் இந்தியா முழுவதற்குமாக 100-க்கு 9 பேர் போல் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த சீமையில், கம்பும் குதிரைவாலியும் தின்று கண்மாய்க் கரையில் நடந்தே திரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்று, மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஆளுக்கும் இன்று இந்த வியாதி வருகிறது. காரணம் இருந்தால் காரியம் நடக்கும். இதில் பிரம்மாவுக்கு வேலையில்லை.

நிற்க. வீரசோழன் ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அப்பக்கத்துச் சந்தைகளில் ஆடு விற்றுக் கையில் நாலு காசோடு வருகிறவனை மடக்குவதற்கென்று சூரணக் கடைகள் விரிக்கப்படுகின்றன. முன்பெல்லாம் அந்தக் கடையில் சாமி படம் இருக்கும். இப்போது கணையத்தின் படம் இருக்கிறது. ஒலிபெருக்கியில் சொல்லப்படுவதோ, சென்னை யூனிவர்சிட்டியில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், செத்துப்போன இன்சுலின் அணுக்கள் திரும்ப முளைத்துவிட்டன, ஆகையால் ஊசியையும் மாத்திரையையும் தூக்கியெறிந்துவிட்டு இந்தப் பொட்டலத்தை வாங்கிப் போ என்பதாகும். சாமியின் பெயரால் ஏமாற்றினால் சுயமரியாதைக்காரன் கேள்வி கேட்பான் என்று தெரிந்துகொண்டு, விஞ்ஞானத்தின் பெயராலேயே ஏமாற்றத் துணிந்துவிட்டார்கள்! இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒலிபெருக்கி சொல்வதில் ஒரு பகுதி நிஜம். எந்தப் பகுதி நிஜம், எந்தப் பகுதி பித்தலாட்டம் என்று பிரித்துக் காட்டுவது பகுத்தறிவுக்காரரின் கடமையானபடியால் இதை எழுதுகிறோம்.

முதலில் நிஜத்தைச் சொல்லிவிடுவோம். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு உறுப்பு உண்டு. அதற்குள் சிறு சிறு தீவுகள் போல அணுக்கூட்டங்கள் இருப்பதை 1869-இல் பெர்லினில் மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ் என்பவர் கண்டெழுதினார். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அதற்குச் சர்க்கரை வியாதி கண்டது. நாய் எந்தக் கோவில் சொத்தைத் தின்றது என்று யாரும் கேட்கவில்லை. கணையத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். அப்படிக் கேட்டதன் பலனாக 1921-இல் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்பவர்கள் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ந்தேதி லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாகப் பலிக்கவில்லை. மருந்தில் அழுக்கு இருக்கிறது என்று கண்டு, காலிப் என்பவர் சுத்தம் செய்து கொடுக்க, 23-ந்தேதி மறுபடியும் போட்டார்கள். பையன் பிழைத்தான். அதற்கு முன் அந்த வயதில் இந்த வியாதி கண்ட பிள்ளைகளுக்குப் பட்டினி போட்டுச் சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர வைத்தியம் இருந்ததில்லை.

இனி நம் ஊர்ச் சங்கதி. சிறுகுறிஞ்சான் என்ற கொடியை நம்மவர்கள் அறிவார்கள். வேலியிலும் புதரிலும் படரும். அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்து காட்டுகிற விளையாட்டு இது. நீலகிரியில் சர்க்கார் கொயினா ஆராய்ச்சியாளராயிருந்த ஹூப்பர் என்ற வெள்ளைக்காரர் 1887-இல் இந்த இலையைச் சோதித்து, இனிப்பை மறைக்கிற சத்து இன்னதென்று எழுதினார். சமஸ்கிருதத்தில் இதற்கு மேஷசிருங்கி, அதாவது ஆட்டுக்கிடாயின் கொம்பு, என்று பெயர் சொல்லுகிறார்கள். இதன் காய் இரட்டையாய்க் கொம்புபோல் இருப்பதால் அந்தப் பெயர். கிடாயின் கொம்பை முதலில் நினைத்தவன் ஆடு மேய்த்தவனாய்த்தான் இருந்திருப்பான் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் பெருமை என்னவோ ரிஷிக்குப் போய்விட்டது!

1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம், ராதா சண்முகசுந்தரம் முதலியவர்கள் இந்த இலையின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விஷயத்தை வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்லும். அதை எலிக்கு ஊசி போட்டுச் சர்க்கரை வியாதியை உண்டாக்கினார்கள். பிறகு இலைச்சாற்றின் இரண்டு வகைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகையில் 60 நாளிலும், மற்றொன்றில் 20 நாளிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண நிலைக்கு இறங்கியது. இரத்தத்தில் இன்சுலின் ஏறியது. கணையத்தை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தீவுகளின் எண்ணிக்கையும் பீட்டா அணுக்களின் எண்ணிக்கையும் இரட்டிப்பாகியிருக்கக் கண்டார்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில், தமிழ்நாட்டு வேலிக்கொடியை வைத்து நடந்த இந்த வேலை உலகமெங்கும் எடுத்துப் பேசப்படுகிறது. இதில் நமக்குப் பெருமைதான்.

இங்கே நம் வைதிகத் தோழர்களை ஒன்று கேட்கின்றோம். ஒரு கூண்டு எலிகளுக்கு ஒரே நாளில் சர்க்கரை வியாதி வந்ததே, அது எந்த ஜென்மத்துப் பாவம்? எலிக்கும் பூர்வஜென்மம் உண்டு என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட எலிக்கு வந்து, பக்கத்துக் கூண்டில் ஊசி போடாத எலிக்கு வராமல் போனதே, பாவிகளை எல்லாம் பொறுக்கி ஒரு கூண்டில் வைத்தது ஆராய்ச்சிக்காரரா, ஆண்டவனா? சாறு கொடுத்த எலிக்குக் குணமும் கொடுக்காத எலிக்கு வியாதியும் என்றால், கர்மபலன் ஒரு இலைச்சாற்றுக்குப் பயந்து ஓடுகிற சரக்குத்தானா?

இனிப் பித்தலாட்டத்துக்கு வருவோம். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தபோது, தீவுகள் மறுபடி வளர்வது “சாத்தியமாகலாம்” என்ற பொருளில்தான் வைத்தார்கள். வளர்ந்துவிட்டது, நிரூபித்துவிட்டோம் என்று வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்களுடைய யோக்கியதை இருக்கிறது. சந்தைக்காரன் மற்றெல்லா வார்த்தையையும் எடுத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையை மாத்திரம் விட்டுவிட்டான்.

ஏன் “சாத்தியமாகலாம்” என்று சொல்லவேண்டும்? பூதக்கண்ணாடியில் இன்றைக்கு நூறு அணு இருக்கிறது என்று எண்ணலாம். அந்த நூறும் எங்கிருந்து வந்தன என்று அது சொல்லாது. சாகாமல் தப்பிய சில அணுக்கள் இரண்டு நான்காய்ப் பிரிந்து பெருகியிருக்கலாம். வேறு ஜாதி அணு வேஷம் மாறி வந்திருக்கலாம். (அணுக்களுக்குள்ளாவது ஜாதி மாற அனுமதி இருக்கிறது!) களைத்துப்போய் இன்சுலின் சுரப்பதை நிறுத்தியிருந்த பழைய அணுவே இளைப்பாறி மறுபடி வேலைக்கு வந்திருக்கலாம். அன்றியும், அந்த நஞ்சைக் குறைந்த அளவில் வாங்கிய எலிகளில் சில, ஒரு மருந்தும் இல்லாமலே ஓரளவு தேறிவிடுவதும் உண்டு. அதனால்தான் சாறு கொடாத எலிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. சந்தையில் இருக்கிற கூட்டத்துக்கு அப்படி ஒப்பிட்டுக் காட்டுகிறவன் யார்?

அணுவுக்கு அடையாளம் குத்தி, அதன் பிள்ளை பேரன் வரைக்கும் தொடர்ந்து பார்க்கிற வித்தை பிற்பாடுதான் வந்தது. அதைக் கொண்டு 2004-இல் அமெரிக்காவில் டோர், மெல்டன் முதலியவர்கள், வளர்ந்த எலியில் புதிய பீட்டா அணுக்கள் பெரும்பாலும் பழைய பீட்டா அணுக்கள் பிரிவதாலேயே உண்டாகின்றன என்று காட்டினார்கள். 2007-இல் அவர்களே, எலியின் பீட்டா அணுக்களில் முக்கால் பாகம் போலக் கொன்றுவிட்டு நஞ்சை நிறுத்தினால், மிச்சமுள்ளவை பெருகி எலி வியாதியிலிருந்து மீளுகிறது என்றும் காட்டினார்கள். 2010-இல் ஜெனீவாவில் ஹெர்ரேரா என்பவரின் கூட்டத்தார் ஏறக்குறைய எல்லாப் பீட்டா அணுக்களையும் கொன்றுவிட்டுப் பார்த்தார்கள். அப்போது பக்கத்திலிருந்த ஆல்பா அணுக்களில் சில, தங்கள் வேலையை விட்டு, இன்சுலின் சுரக்கத் தொடங்கின. மீன்களின் சங்கதி இன்னும் ஆச்சரியம். கங்கைப் பக்கத்து ஓடைகளில் வாழும் விரல் நீளமில்லாத வரிமீன், பீட்டா அணுக்களை அழித்தாலும் சில வாரங்களில் திரும்ப வளர்த்துக்கொள்ளுகிறது. மனிதனைத் தன் சாயலில் படைத்தானாம் ஆண்டவன். அந்தச் சாமர்த்தியத்தை மாத்திரம் மீனுக்குக் கொடுத்துவிட்டு மனிதனை ஊசிக்கு அனுப்பினான் போலும்! மனிதனுடைய பீட்டா அணுக்கள் குழந்தைப் பருவத்தில் பெருகுகிற அளவுக்கு வயது வந்த பிறகு பெருகுவதில்லை. எலிக்கு ஆனது மனிதனுக்கு ஆகும் என்று நேரே சொல்ல முடியாமல் இருப்பதற்கு இதுவே பெரிய தடை.

ஜெனீவா எலியைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். தோழர்கள் இதை மாத்திரமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். புதிய அணுக்கள் உண்டாகிற வரையில் அந்த எலிகளை உயிரோடு வைத்திருந்தது எது? இன்சுலின்! மாதக்கணக்காக இன்சுலின் கொடுத்துக் காப்பாற்றியதால்தான் அவற்றின் கணையத்துக்கு மீளுவதற்கு அவகாசம் கிடைத்தது. எலியே இன்சுலினைத் தூக்கியெறியவில்லை. மனிதனை எறியச் சொல்லுகிறான் சந்தைக்காரன். சென்னையிலும் அப்படியேதான் நடந்தது. இன்சுலினை நம்பி வாழ்கிற 27 பேருக்கு அதே 1990-இல் சிறுகுறிஞ்சான் சாறு கொடுத்தபோது, இன்சுலினை விடாமல் அதனோடு சேர்த்தே கொடுத்தார்கள். தேவைப்பட்ட இன்சுலின் அளவு குறைந்தது என்பதுதான் அவர்கள் கண்டது. மாத்திரை தின்கிற வகை வியாதிக்காரர் 22 பேருக்கு 18 முதல் 20 மாதம் வரை கொடுத்ததில் 5 பேர் மாத்திரையை விட முடிந்தது. மற்ற 17 பேரால் விட முடியவில்லை. இந்த 17-ஐ ஒலிபெருக்கியில் நாம் கேட்டதே இல்லை. 27 பேரையும் 22 பேரையும் வைத்து மேலே ஆராயலாமே தவிர, 10 கோடிப் பேருக்கு வைத்தியம் விதிக்க முடியாது.

விஞ்ஞானம் தவறவே தவறாது என்பதும் நம் கட்சியல்ல. 2013-இல் ஹார்வர்டில் மெல்டன் கூட்டத்தார் பீட்டாட்ரோபின் என்ற ஒரு சத்து எலியின் பீட்டா அணுக்களைப் பலமடங்கு பெருக்குகிறது என்று வெளியிட்டார்கள். உலகமெல்லாம் மேளம் கொட்டிற்று. 2014-இல் மற்றவர்கள் செய்து பார்த்தார்கள்; வரவில்லை. கடைசியில் 2016-இல் எழுதியவர்களே அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். எந்தப் புராணத்தையாவது எழுதினவன் வாபஸ் வாங்கினான் என்று கேட்டதுண்டா? 2017-இல் தென் கலிபோர்னியாவில் எலிகளுக்குச் சில நாள் அரைப்பட்டினி, பிறகு வயிறார ஆகாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் பீட்டா அணுக்கள் வளர்ந்ததாகச் சொன்னார்கள். உடனே நம்மவர்கள், விரதம் வைத்த முன்னோர்களின் ஞானத்தைப் பார் என்று கிளம்பிவிட்டார்கள். ஏகாதசியானாலும் நோன்பானாலும், ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறவனுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவான் என்பதை எந்த ஞானியும் எழுதி வைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரை வியாதியில் வேறொரு கஷ்டமும் இருக்கிறது. அங்கே பீட்டா அணுக்களைக் கொல்வது உடம்பின் சொந்தப் பட்டாளமே. கிருமியைக் கொல்லவேண்டிய இரத்தத்தின் காவல் அணுக்கள், ஆள் தெரியாமல் வீட்டுக்காரனையே சுடுகின்றன. புதிய அணு முளைத்தாலும் அதையும் சுடும். 2025-இல் வெளியான ஒரு சோதனையில், மூல அணுக்களிலிருந்து வளர்த்தெடுத்த தீவு அணுக்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருஷத்தில் இன்சுலின் ஊசி இல்லாமலே இருந்தார்கள். உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பட்டாளத்தை அடக்கிவைக்கிற மருந்தை அவர்கள் விடாமல் சாப்பிட்டு வரவேண்டும். அதன் செலவும் ஆபத்தும் திருச்சுழிக்காரனுக்கு இப்போதைக்கு எட்டாதவை.

இவ்வளவையும் ஏன் விஸ்தாரமாய் எழுதுகிறோம் என்றால், சூரணக்காரனின் முக்கியமான வாடிக்கைக்காரர்கள் யார் என்பதைப் பார்த்துத்தான். வயதான குடியானவர்களைவிட, பெண் பிள்ளைக்கு ஊசி போடும் தாய் தகப்பன்மாரே அவனிடம் அதிகம் சிக்குகிறார்கள். பத்து வயதில், பன்னிரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இந்த வியாதி கண்டால், அவள் பிழைப்பாளா என்பதைவிட அவளை யார் கட்டுவான் என்ற கவலையே வீட்டில் பெரிதாயிருக்கிறது. ஊசி போடுவதைப் பக்கத்து வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மறைக்கிறார்கள். சந்தைக்காரன் ஊசியே வேண்டாம் என்றதும் காதில் தேன் பாய்கிறது. ஊசியை நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்குச் சில நாட்களுக்குள் வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு, பிறகு மயக்கம். அப்போதும் காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்கிறவனிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த ஒரு இராத்திரியில் பிள்ளை போய்விடும். இது கொலைதான். ஆனால் கொலைக்காரன் என்று பிடிக்க ஆள் இல்லை. சூரணக்காரன் அடுத்த சந்தைக்குப் போயிருப்பான். பெண்ணைக் கல்யாணச் சரக்காக மதிக்கிற சமுதாயத்துக்கோ விலங்கு மாட்ட முடியாது. ஊசி போட்டுக்கொண்டு படித்து, உத்தியோகம் பார்த்து, பிள்ளை பெற்று வாழ்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல யாராவது போகிறார்களா?

சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-ம் வருஷத்து மருந்து, மாயவைத்திய விளம்பரச் சட்டம் பட்டியலிலேயே சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. ஒலிபெருக்கி சந்தையில் முழங்குகிறது. மூலிகைச் சூரணம் என்று விற்பதில் இங்கிலீஷ் மாத்திரையை இடித்துக் கலந்திருப்பதும் பல தேசங்களில் பரிசோதனையில் அகப்பட்டிருக்கிறது. “உடனே குறைந்ததே” என்று சாட்சி சொல்லுகிறவர்களின் குறைவு எதனால் என்பது பொட்டலத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

நம்மவரிலேயே சிலர், இது தமிழ் மருந்தாயிற்றே, சித்தர் சொத்தாயிற்றே, இதை நீங்களே சந்தேகிக்கலாமா என்று வருத்தப்படுவார்கள். தமிழ் மருந்து என்பதற்காகப் பரீட்சையிலிருந்து விலக்குக் கொடுப்போமானால், வேதம் என்பதற்காக விலக்குக் கேட்கிறவனை நாம் எந்த வாயால் தடுப்பது? சண்முகசுந்தரம் முதலானவர்கள் சிறுகுறிஞ்சானுக்குச் செய்த மரியாதை அதைக் கும்பிட்டது அல்ல. எலிக்குக் கொடுத்து, அறுத்து, எண்ணிப் பார்த்ததுதான்.

ஆகையால் சர்க்காரைக் கேட்கின்றோம். 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிறுகுறிஞ்சான் வேலியில் இருக்கிறது. வியாதிக்காரர்கள் ஊர் ஊராய் இருக்கிறார்கள். சில நூறு பேரை அவர்கள் சம்மதத்தின்மேல் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டு கட்சியாய்ப் பிரித்து, வழக்கமான மருந்தை நிறுத்தாமல், ஒரு கட்சிக்கு இலைச்சாறும் மற்றதற்கு அதுபோலத் தோன்றும் வெறும் பொடியும் கொடுத்து, எது எவருக்கென்று கொடுக்கிறவருக்கும் தின்கிறவருக்கும் தெரியாமல் இரண்டு வருஷம் நடத்தினால் என்ன? முடிவு அனுகூலமானாலும் பிரதிகூலமானாலும் தமிழில் அச்சிட்டு ஊர்ச்சாவடிதோறும் ஒட்டவேண்டும். ஒரு மந்திரியின் விழாப் பந்தலுக்கு ஆகிற செலவுகூட இதற்கு ஆகாது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற பெண் ஊழியர்கள் வீட்டு வாசல்வரை போகிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு வேலை கொடுக்கலாம். ஊசி போடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அரைமணி உட்கார்ந்து, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும், வாந்தி கண்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று சொல்லவேண்டும். இன்சுலின் இந்தச் சீமை வெயிலில் கெட்டுப்போகும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலின்மேல் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் கட்டி வைத்துக்கொள்ளலாம். அதையும் அவர்களே ஒருமுறை கையால் வைத்துக் காட்டிவிட்டு வரட்டும்.